பானாவுக்கு நான்கு நிறம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் கடற்கரையில் படகு என்ஜின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருபவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி, சோளியக்குடி, மூக்கையூர் என்று இந்தக் கரை நெடுகிலும் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பலகை இடுக்குகளில் கலப்பத்து அடைத்து, பெயிண்ட் அடித்துப் புதுப்பெண் போல நிறுத்தி வைப்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். அதே படகின் என்ஜின் அறைக்குள் இறங்கிப் பார்த்தால், டீசலும் உப்புநீரும் ஊறிய ஒரு யூரியா சாக்கில் பானாக்களும் (ஸ்பேனர்களும்) சாக்கெட்டுகளும் திருப்புளிகளும் குறடும் சுத்தியலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். வெளியே பத்து கோட் பெயிண்ட் வாங்கும் படகில், உயிரைக் காப்பாற்றும் கருவிகளுக்கு, அளவைக் காட்டும் அடையாளமாக ஒரு சொட்டுப் பெயிண்ட் கிடைப்பதில்லை என்பதே இந்தக் கடிதம் எழுதக் காரணம். சற்று நீளமாகப் போனாலும் வெளியிட வேண்டுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில், நாங்கள் ஓவராலிங் செய்து கொடுத்த என்ஜின் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக ஒரு படகில் நானும் கடலுக்குப் போயிருந்தேன். இரவு இரண்டு மணி வாக்கில் என்ஜின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரில் தண்ணீர் இறங்கியிருந்தது. அதை வடித்துவிட்டு, வழியில் புகுந்த காற்றை எடுப்பதற்காக டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. அந்த என்ஜினில் அது 17 மில்லிமீட்டர் நட்டு. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் கையை மட்டும் பின்னால் நீட்ட, கையாளாக வந்திருந்த பையன் சாக்கைத் துழாவி ஒரு பானாவைக் கொடுத்தான்.

"இது பதினேழுதானாடா?"

"எண்ணு தேஞ்சு போயிருக்குண்ணே. அதாத்தான் இருக்கும்."

நட்டின் மேல் அது உட்கார்ந்தது. சற்று லொடலொடவென்று இருப்பதாக விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அழுத்தினேன், தவறு என்னுடையதுதான். பானா வழுக்கி என் முட்டி பம்பின் விளிம்பில் மோதியது. நட்டின் ஆறு முனைகளும் மழுங்கிவிட்டன. அது 17 அல்ல, பதினொன்றுக்குப் பதினாறு (11/16) இன்ச் பானா, அதாவது 17.46 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளிக்காக, கிரிப் பிளேயரைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். அதற்குள் கச்சான் காற்று எழுந்துவிட்டது. நங்கூரம் சேற்றில் இழுபட, படகு மெல்லக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கிழக்கே போவது என்றால் என்ன என்பதை இந்தக் கரைவாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட கடல் எல்லைக் கோடு அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. டிரைவர் ஜிபிஎஸ் திரையைப் பார்ப்பதும் எங்களை எட்டிப் பார்ப்பதுமாக நின்றாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. விடியுமுன் என்ஜின் கிளம்பியது. சரியான பானா அதே சாக்கின் அடியில்தான் கிடந்தது என்பதைக் கரைக்கு வந்து சாக்கைக் கொட்டியபோது கண்டுகொண்டோம்.

இப்படி அளவுகள் கலந்து கிடப்பதற்குக் காரணம் படகுக்காரரின் அசட்டை மட்டுமல்ல. நம் நாட்டில் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956-இல் வந்தது. ஆனால் இரும்பில் இன்ச் இன்னும் சாகவில்லை. கொத்தனாரும் தச்சரும் இன்றைக்கும் ஒரு இன்ச்சை எட்டு நூலாகப் பிரித்து, "நாலு நூல் கம்பி", "மூணு நூல் போல்ட்டு" என்றுதான் கேட்கிறார்கள். படகிலோ, பழைய என்ஜினின் இன்ச் போல்ட்டு, பிறகு வந்த என்ஜினின் மில்லிமீட்டர் போல்ட்டு, உள்ளூர் லேத்தில் கடைந்து போட்ட ஏதோ ஒரு போல்ட்டு என்று மூன்று தலைமுறை ஒரே என்ஜின் அறையில் குடித்தனம் நடத்துகிறது. இதில் ஒரு பெரிய குழப்பமும் உண்டு. நாலு நூல் போல்ட்டு என்றால் அரை இன்ச் தடிமன் கொண்ட தண்டு. ஆனால் அதன் தலைக்குப் போடும் பானா பெரும்பாலும் முக்கால் இன்ச். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் இன்ச் வகை போல்ட்டாக இருந்தால் அதே அரை இன்ச் தண்டுக்கு அதைவிடவும் பெரிய தலை, ஏறக்குறைய 23.4 மில்லிமீட்டர். அந்த விட்வொர்த் பானாவிலோ தலையின் அளவைப் பொறிக்காமல் தண்டின் அளவைப் பொறித்திருப்பார்கள். ஆக, "அரை இன்ச் பானா எடு" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மூன்று வெவ்வேறு கருவிகளை எடுத்துக் கொடுக்கலாம். மூன்றுமே சரி என்று வாதாடவும் செய்யலாம்.

மில்லிமீட்டருக்குள்ளேயே சண்டை இல்லாமல் இல்லை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு நம் விசைப்படகு என்ஜின்களில் பெரும்பாலும் 13 பானா பிடிக்கும். வள்ளங்களில் மாட்டும் ஜப்பானிய அவுட்போர்டு மோட்டாரில் அதே 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 பானாதான் வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒன்றில் 17, வேறொன்றில் 16, ஜப்பானியதில் 14. விசைப்படகில் பழகிய கை வள்ளத்துக்குப் போனால் ஒரு நாளாவது தடுமாறாமல் இருக்காது.

இன்ச்சும் மில்லியும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்ற நம்பிக்கையை வளர்த்துவிட்டவை இரண்டே அளவுகள். முக்கால் இன்ச் என்பது 19.05 மில்லிமீட்டர், 19 பானாவுக்கு அது ஏறக்குறையச் சரி. ஐந்துக்குப் பதினாறு இன்ச் 7.94, அது 8-க்குச் சரி. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று நினைத்தால் மோசம் போவோம். அரை இன்ச் 12.7, அந்தத் தலையில் 13 பானா ஏறும், கொஞ்சம் ஆடும், துருப்பிடித்த நட்டாக இருந்தால் வழுக்கிவிடும். ஒன்பதுக்குப் பதினாறு இன்ச் 14.29, அதில் 14 ஏறாது, 15 போட்டால் முனையைத் தின்றுவிடும். நட்டின் தட்டையான பக்கத்தில் பானாவின் வாய் முழுதாக உட்கார்ந்தால் விசை பரவிப் பாயும். இடைவெளி விழுந்தால் முனைகளில் மட்டும் பாய்ந்து அவற்றை மழித்துவிடும். உப்புக் காற்றில் நட்டும் துருவால் மெலிகிறது, பானாவின் வாயும் தேய்கிறது. அதனால் நகரத்துப் பட்டறையில் தப்பித்துவிடும் தவறு நம் கரையில் தப்பிக்காது.

பானாவிலேயே அளவைப் பொறித்திருக்கிறார்களே, அதைப் படித்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். புதிதில் படிக்கலாம். குரோமியப் பூச்சில் ஓர் ஊசிமுனை வழியாக உப்பு இறங்கிவிட்டால், இரண்டு பருவத்தில் அந்த எழுத்தின் மேல் துரு பூத்து 16-உம் 18-உம் 19-உம் ஒரே மாதிரி ஆகிவிடும். அதுவும் என்ஜின் ஆடிக்கொண்டிருக்கும்போது, கிரீஸ் படிந்த கையில், நாற்பது வயதைத் தாண்டிய கண்ணால் அந்தச் சிற்றெழுத்தைப் படிப்பது நடக்கிற காரியம் அல்ல. நிறம் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அங்கிருந்துதான்.

முதலில் நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனம். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்கள் ரெசிஸ்டர் என்ற சிறு மின்பாகத்தின் மேலுள்ள நிறக்கோடுகளைப் படிக்கும் முறையை ஒரு நண்பர் சொல்லிக் கொடுத்திருந்தார்: பூஜ்யத்துக்குக் கறுப்பு, 1-க்குப் பழுப்பு, 2-க்குச் சிவப்பு, 3-க்கு ஆரஞ்சு, 4-க்கு மஞ்சள், 5-க்குப் பச்சை, 6-க்கு நீலம், 7-க்கு ஊதா, 8-க்குச் சாம்பல், 9-க்கு வெள்ளை. உலகம் முழுவதும் ஒரே வரிசை. அளவின் கடைசி இலக்கத்துக்கு உரிய நிறத்தைப் பானாவுக்குப் பூசிவிட்டால் 13 ஆரஞ்சு, 17 ஊதா என்று ஆகிவிடும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பத்து நிறத்திலும் பூசி முடித்தேன். பார்ப்பதற்குத் திருவிழாக் கடை போல இருந்தது. ஒரு மாதம் வேலை செய்ததும் கறுப்பு எது, அழுக்கு எது என்று தெரியவில்லை. பழுப்பும் சிவப்பும் கிரீஸுக்குள் ஒன்றாயின. என்ஜின் அறையின் மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளையும் மஞ்சளும் சாம்பலும் அண்ணன் தம்பிகளாகத் தெரிந்தன. நீலமும் ஊதாவும் அப்படியே. ரெசிஸ்டரைச் சுத்தமான மேசையில் வைத்துப் படிக்கிறார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய பாடத்தை என் தங்கை மகன் சொல்லிக் கொடுத்தான். பட்டறையில் வேலை பழக வந்தவன், 12-ஐக் கேட்டால் 15-ஐக் கொடுப்பான். 15-ஐக் கேட்டால் 12-ஐக் கொடுப்பான். இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள் அவனே வந்து, "மாமா, அந்தச் சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது" என்றான். அதுவரை அது அவனுக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத இந்தக் குறை பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. பெண்களுக்கு மிக அரிது. என்ஜின் அறையில் வேலை செய்பவர்கள் எல்லாருமே ஆண்கள் என்பதால், எந்த நிறமுறையை வகுத்தாலும் இவனைப் போன்ற ஒருவன் அந்தப் படகில் இருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் வகுக்க வேண்டும். கடலில் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் அவனால் எப்படிப் பிரித்தறிய முடியும் என்ற கவலையும் அன்றைக்கே எனக்குத் தொற்றிக்கொண்டது. அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

எனவே பச்சையை அடியோடு விலக்கினேன். அடுத்தடுத்த அளவுகள்தான் ஒன்றோடொன்று குழம்பும். 10-ஐயும் 14-ஐயும் யாரும் மாற்றி எடுப்பதில்லை. அப்படியானால் எல்லா அளவுக்கும் தனித்தனி நிறம் எதற்கு? நான்கு நிறங்களைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதும் அல்லவா? சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்ற வரிசையை எடுத்துக்கொண்டேன். நாலாம் வாய்ப்பாட்டில் வருகிற 8, 12, 16, 20, 24, 28, 32 எல்லாம் சிவப்பு. அதற்கு அடுத்த எண் வெள்ளை. அதனால் 9, 13, 17, 21, 25. அதற்கும் அடுத்தது நீலம். 6, 10, 14, 18, 22, 30. வாய்ப்பாட்டு எண்ணுக்கு ஒன்று குறைந்தால் மஞ்சள். 7, 11, 15, 19, 23, 27. கடையில் வாங்கும் பன்னிரண்டு பானா கொண்ட செட்டில் 6-7, 8-9, 10-11, 12-13 என்று தொடங்கி 20-22, 21-23, 24-27, 25-28, 30-32 வரை இரட்டை வாய்ப் பானாக்கள் வருகின்றன. இந்த முறையில் பூசினால் அவற்றில் எந்தப் பானாவிலும் இரண்டு முனைக்கும் ஒரே நிறம் விழுவதில்லை. நான் திட்டமிட்டு அப்படி அமைக்கவில்லை. பூசி முடித்த பிறகுதான் கவனித்தேன். 20-க்கு மேலே போகும்போது நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குச் சற்றுக் குறைவாகத்தான் படும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பானாக்கள் எண்ணிக்கையில் குறைவு, நீளத்திலும் எடையிலும் கைக்கே பிடிபட்டுவிடும்.

மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளையும் மஞ்சளும் குழம்பும் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். இந்த வரிசையில் அவை பக்கத்துப் பக்கத்தில் வருவதில்லை. 17 வெள்ளை என்றால் 18 நீலம், 19-தான் மஞ்சள். இருந்தாலும் 17-க்கும் 19-க்கும் இரண்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி விட்டுவிட மனம் வரவில்லை. இதற்கு வழி எங்கள் பட்டறைக்குப் பக்கத்து வெல்டிங் கடையில் கிடைத்தது. அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலின் சிலிண்டர் மரூன். நிறம் இருந்தும், அசிட்டிலின் குழாயின் நட்டு இடப்பக்கம் திருகும் மரை என்பதால் அதன் முனைகளில் சிறு வெட்டுகள் போட்டிருப்பார்கள். இருட்டில் விரலால் தடவினாலே அது எது என்று தெரிந்துவிடும். பானாவிலும் அரத்தால் வெட்டலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் விசை தாங்கும் விளிம்பில் வெட்டு விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் இரும்பைத் தொடாமல் வலை நூலை எடுத்துக்கொண்டேன். சிவப்புக்கு நூல் இல்லை. வெள்ளைக்கு ஒரு கட்டு, நீலத்துக்கு இரண்டு கட்டு, மஞ்சளுக்கு மூன்று கட்டு. பானாவின் கழுத்தில் நைலான் நூலை நெருக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றி முடிந்து, அதன்மேல் இரண்டு டியூபிலுள்ள குழம்பையும் கலந்து பூசும் ஒட்டுப்பசையைத் தடவிவிட்டால் இறுகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வலைக் கண்ணியின் அளவைச் சொல்லக்கூடிய விரல்கள் நம் கரையில் வீட்டுக்கு இரண்டு பேருக்காவது உண்டு; அவர்களுக்கு இந்தக் கட்டுகளை எண்ணுவது ஒரு வேலையே அல்ல. என் மருமகன் இன்றைக்கு நிறத்தைப் பார்ப்பதே இல்லை. கட்டைத் தடவித்தான் எடுக்கிறான். என்னைவிட வேகமாகவும் எடுக்கிறான்.

இன்ச் பானாக்களுக்கு இந்த நான்கு நிறத்தில் எதையும் பூசக்கூடாது. கைப்பிடி முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு வேறு பையில் போட்டுவிட வேண்டும். கறுப்புப் பிடி கையில் வந்தாலே, "இது மில்லி இல்லை" என்ற எச்சரிக்கை வந்துவிட வேண்டும். அதற்கு மேல் அளவைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். இப்போதுள்ள படகுகளில் அவை அவ்வளவாகத் தேவைப்படுவதும் இல்லை. பழைய என்ஜின் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் கூடுதல் கவனம் செலுத்தினால் போதும்.

பூசும் முறையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். குரோமியத்தின் வழவழப்பில் பெயிண்ட் நிற்காது. முதலில் டீசலில் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாக உலர்த்தி, பூசப்போகும் இடத்தை மட்டும் எமரித் தாளால் சுரசுரப்பாக்கி, தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பானாவின் வாயிலிருந்து ஒரு விரல் தள்ளிக் கழுத்தில் ஒரு வளையமாகப் பூசினால் போதும். வாயின் உட்பக்கத்தில் பெயிண்ட் படவே கூடாது. அளவு மாறும், உரிந்த துணுக்கு டீசல் வழியில் விழவும் கூடும். சாக்கெட்டாக இருந்தால் கைப்பிடி மாட்டும் பக்கத்து விளிம்பில் வளையம் போட வேண்டும். வீட்டுப் பெண்கள் நகத்துக்குப் பூசும் பாலிஷ் கூட நன்றாகவே பிடிக்கிறது; சீக்கிரம் காய்கிறது, ஒரு பருவம் தாங்குகிறது. தின்னர் பட்டால் மட்டும் கரைந்துவிடும். எனாமல் பெயிண்ட் காய ஒரு நாள் ஆகும், ஆனால் என் அனுபவத்தில் இரண்டு மூன்று பருவம் நிற்கிறது. பொறித்த எண் இன்னும் குழியாக இருக்குமானால், அதன்மேல் வெள்ளைப் பெயிண்டைத் தேய்த்து, காய்வதற்கு முன் மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் நின்ற வெள்ளை, எண்ணைத் தூரத்திலிருந்தே காட்டும்.

வண்ண இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பலர் சுலபமான வழியாக நினைக்கிறார்கள். எண்ணெய் பட்டதும் அதன் பசை இளகி, அழுத்தும் நேரத்தில் டேப் கைக்குள்ளேயே நழுவுகிறது. சூடுபடுத்திச் சுருக்கும் ரப்பர் உறையும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் அடியில் புகுந்த உப்புநீர் வெளியே வராமல் ஆறு மாதத்தில் பானாவை அரித்துவிடும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

நிறம் பூசிய பானாவை மறுபடியும் சாக்கில் போட்டால் பாதி வேலைதான் ஆனது. படுதாத் துணியில் வரிசையாகப் பைகள் தைத்து, சுருட்டிக் கட்டும்படி செய்துகொள்ளலாம். பாய்மரமும் படுதாவும் தைத்துப் பழகிய கைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு பையின் வாயிலும் அந்தந்த நிற நூலால் ஒரு தையல் போட்டால், எந்தப் பை காலியாக இருக்கிறது என்று உடனே தெரியும். விசைப்படகில் இன்னும் நல்லது, என்ஜின் அறைச் சுவரில் ஒரு பிளைவுட் பலகை அறைந்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்து ஓரம் வரைந்து, அந்த வடிவத்தைப் பெயிண்டால் நிரப்பிவிடுவது. கருவி இல்லாத இடத்தில் அதன் நிழல் நிற்கும். விமானப் பராமரிப்புக் கூடங்களில் இந்தப் பலகை நெடுநாளாக இருக்கிறது. ஒரு நிழல் காலியாக இருந்தாலும் விமானம் வெளியே போகாது. நம் படகிலும் செல்ஃப் அடிப்பதற்கு முன் பலகையை ஒரு பார்வை பார்த்தால், ஃபிளைவீலின் மேல் மறந்து வைத்த பானா பறந்து வந்து யாருடைய காலையும் பதம் பார்க்காது. படகு ஆடுமே, பலகையில் எப்படி நிற்கும் என்று கேட்டு, காந்தப் பட்டை வாங்கி வந்து வீல் ஹவுஸில் (சுக்கான் அறையில்) திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டிய ஒரு நண்பரை நான் அறிவேன். காந்தமும் இரும்பும் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டியின் முள் விலகிவிடும். அந்தப் பட்டையை நானே பெயர்த்தெடுத்தேன். ஆணியும், சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையமும் போதும்.

இதில் ஒரு தடங்கலை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவிகளுக்கு நிறம் பூசும் வழக்கம் நம் கரையில் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது அளவுக்காக அல்ல, உடைமைக்காக. எங்கள் பானா பச்சை, அடுத்த படகின் பானா சிவப்பு என்று அடையாளம் வைத்து, கடன் போனதைத் திரும்ப வாங்குவதற்காகப் பூசுகிறார்கள். அந்தப் பழக்கத்தின் மேல் அளவின் நிறத்தையும் ஏற்றினால் இரண்டும் கெட்டுவிடும். உடைமையைக் காட்டப் படகின் பதிவெண்ணில் கடைசி மூன்று இலக்கங்களைக் கைப்பிடியின் நடுவில் எண் பொறிக்கும் இரும்பு அச்சால் (நம்பர் பஞ்ச்) அடித்துக்கொள்ளலாம். சாக்கெட்டின் மேல் மட்டும் அடிக்க வேண்டாம், தெறித்துவிடும். படகுக்கே மாநிலத்துக்கொரு நிறம் என்று அரசு வகுத்து, நாமும் அதன்படி பூசிப் பழகிவிட்ட பிறகு, பானாவின் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு கேட்பது பெரிய ஆசை ஆகாது.

"என் படகில் எந்தப் பானா எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும்" என்று மூத்த டிரைவர்கள் சொல்வார்கள். அது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கை இன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தால்? விசைப்படகு திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போகிற நம் பகுதியில், ஒரு படகில் ஆள் குறைந்தால் அடுத்த படகின் ஆள் ஏறிக்கொள்வது வழக்கம். பாம்பன்காரர் ராமேசுவரம் படகில் போகிறார். தங்கச்சிமடத்துப் பையன் மண்டபம் படகில் போகிறான். ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு நிறமுறை இருந்தால், நிறம் இல்லாததைவிடக் கேடு. ஒரு படகில் 13 வெள்ளை, மறு படகில் 13 நீலம் என்றால், பழகியவனே ஏமாந்துபோவான்.

அதனால்தான் தங்கள் நாளிதழ் வழியாக இதைக் கேட்கிறேன். விசைப்படகு உரிமையாளர் சங்கங்களும், நாட்டுப்படகு மீனவர் சங்கங்களும், என்னைப் போன்ற மெக்கானிக்குகளும் தடைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் கூடி ஏதாவது ஒரு வரிசையை முடிவு செய்ய வேண்டும். என் நான்கு நிறம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. நீலம் கிரீஸுக்குள் மங்குகிறது என்று பாம்பனில் ஒருவர் குறை சொன்னார். அது நியாயமான குறைதான், வெளிர்நீலம் எடுத்துக்கொள்ளலாம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வரக்கூடாது, தடவிப் பார்க்க ஓர் அடையாளம் இருக்க வேண்டும், அடுத்தடுத்த அளவுக்கு ஒரே நிறம் வரக்கூடாது என்ற மூன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிவானதைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் படகு என்ஜின் வேலை பழகும் பிள்ளைகளுக்கும், மீன்வளத் துறை நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்கும் கொடுத்துவிட்டால், அடுத்த தலைமுறை சாக்கைத் துழாவாது. பானா விற்கும் கடைக்காரர்கள் பூசியே விற்க முன்வந்தால் இன்னும் நல்லது. நான்கு சிறு டப்பா எனாமலின் விலை ஒரு நல்ல ரிங் பானாவின் விலையைத் தாண்டாது.

அதுவரைக்கும், இந்தத் தடைக்காலத்தில் ஞாயிறுதோறும் எங்கள் பட்டறையில் நானும் என் மருமகனும் பெயிண்டும் வலை நூலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யார் வேண்டுமானாலும் பானாக்களைக் கொண்டு வரலாம், கூலி கிடையாது. முந்தின நாளே டீசலில் கழுவி உலர்த்திக் கொண்டுவந்தால் எங்களுக்கு அரை நாள் மிச்சமாகும்.

இப்படிக்கு,
படகு என்ஜின் மெக்கானிக் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.